பென்சில்வேனியாவின் கற்களைப் பழிப்பவர்களுக்கு

அப்பலாச்சியன் நெடும்பாதையைப் பற்றிப் பேச்செடுத்தால் பென்சில்வேனியாவுக்கு மட்டும் ஒரு வசவு தயாராக இருக்கிறது. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அந்தப் பாதை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 2,190 மைல், அதாவது சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. அதில் பென்சில்வேனியாவின் பங்கு 229 மைல். அதன் வடபாதிக்கு, சஸ்குஹானா ஆற்றைத் தாண்டி டெலவேர் ஆறு வரைக்குமான மலைமுகட்டுக்கு, நடப்பவர்கள் வைத்த பெயர் ராக்சில்வேனியா. பூட்ஸ்களின் சுடுகாடு என்பார்கள். பாதையைப் பராமரிக்கும் தொண்டர்கள் வருஷா வருஷம் வந்து கற்களுக்கு அரம் போட்டுக் கூர் தீட்டிவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு பழைய கேலியும் உண்டு. கேலியோடு நின்றிருந்தால் அதற்கு மறுப்பு எழுத வேண்டியதில்லை.

கேலி இப்போது அறிவுரையாகிவிட்டது. நியூ ஜெர்சியிலும் கிழக்குப் பென்சில்வேனியாவிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை நடைக்கு அந்த வழியில் உள்ள ப்ளூ மலை முகட்டைச் சொன்னால், அங்கே ஒருமுறைகூடக் கால் வைக்காதவர்களும் தடுக்கிறார்கள். "அங்க வேண்டாங்க, வெறும் கல்லு. பார்க்க ஒண்ணுமில்ல, கால்தான் போகும்." அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: "அதெல்லாம் முழுசா நடக்கிறவங்களுக்குங்க. ஒரு நாள் போய்ட்டு வர்றதுல என்ன இருக்கு?"

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைக்கிறேன். முகட்டின் மேல் கிடப்பவை தட்டைக் கற்கள் இல்லை. விளிம்பு மேலே பார்க்க, சாய்ந்தும் செங்குத்தாகவும் நிற்பவை. ஒவ்வோர் அடிக்கும் இடம் தேட வேண்டும். கணுக்கால் பிசகும். வேகம் பாதியாகும். முகட்டில் ஊற்றுகள் குறைவு, ஜூலை ஆகஸ்டில் அவற்றிலும் சில வற்றிவிடும். இலை அடர்ந்த மாதங்களில் மணிக்கணக்காக மரக்கூரைக்கு அடியிலேயே போக வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, உண்ணி உண்டு. நெடும்பாதையின் உண்மையான பயன் அதன் தொடர்ச்சியில்தான் இருக்கிறது என்பது வாதத்தின் அடுத்த படி: தெற்கில் வசந்தத்தோடு கிளம்பி வடக்கில் இலையுதிர்காலத்தைப் பிடிக்கும் அந்த நீண்ட மாற்றம், மாதக்கணக்கில் உரம் ஏறும் உடம்பு. அதிலிருந்து ஒரு நாளை, அதுவும் கல் நிறைந்த ஒரு நாளை, பிய்த்தெடுத்தால் வலி மட்டும் கைக்கு வரும், பலன் வராது. ஆகவே ஒரே ஒரு நாள் வைத்திருப்பவர் வர்ஜீனியாவின் ஷெனான்டோவாவுக்கோ நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளுக்கோ போகட்டும்.

இதில் சொன்ன தகவல்கள் அனைத்தும் சரி. அவற்றிலிருந்து எட்டிய முடிவு தவறு, அதன் விளைவுகள் இன்னும் மோசம்.

1. இது யாருடைய தீர்ப்பு?

பாதையைக் காக்கும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி சொல்லும் கணக்கில், ஆண்டுக்கு முப்பது லட்சம் பேருக்கு மேல் இந்தப் பாதையில் கால் வைக்கிறார்கள். ஒரே மூச்சில் முழுவதையும் நடக்கக் கிளம்புகிறவர்கள் மூவாயிரம் பேருக்குச் சற்று அதிகம். முடிப்பவர்கள் அவர்களில் நாலில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒருவர் கிளம்புகிறார், அதிலும் கால்வாசிப் பேர்தான் முடிக்கிறார்கள். ராக்சில்வேனியா என்ற வசவு அந்தச் சிறு கூட்டத்தில் பிறந்தது.

அவர்கள் எந்த நிலையில் அங்கே வந்து சேர்கிறார்கள் என்று பாருங்கள். வடக்கு நோக்கி நடப்பவர் சஸ்குஹானா கரையில் டங்கனன் ஊருக்கு வரும்போது 1,100 மைலுக்கு மேல் நடந்து முடித்திருக்கிறார். காலணியின் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறது. உடம்பில் சதை வற்றியிருக்கிறது. அக்டோபர் நடுவுக்குள் கட்டாடின் உச்சியைத் தொட வேண்டும், அதற்குப் பிறகு அந்த மலை குளிருக்கு மூடிக்கொள்ளும். ஆகவே அவருடைய ஒவ்வொரு நாளும் எத்தனை மைல் என்ற எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. நேற்று இருபது நடந்தவரை இன்று பன்னிரண்டில் நிறுத்தும் கல், அவருக்கு எதிரிதான். அவர் திட்டட்டும், அதற்கான உரிமையை அவர் நடந்தே சம்பாதித்திருக்கிறார்.

காலையில் காரை நிறுத்திவிட்டு மாலையில் அதே இடத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்? அவருக்குக் கட்டாடின் இல்லை, அக்டோபர் கெடு இல்லை, நாளைக்கு ஈடுகட்ட வேண்டிய மைல் பாக்கி இல்லை. ஐந்து மைல் போனாலும் எட்டு மைல் போனாலும் அவருடைய நாள் நிறைகிறது. ஆனால் புத்தகம் எழுதுகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் பெரும்பாலும் முழுப்பாதை நடந்தவர்களே. அதனால் ஆயிரத்தில் ஒருவரின் களைப்பு மற்றவர்களுக்கெல்லாம் வழிகாட்டி நூலாகிவிட்டது.

2. இந்தப் பாதை முழுசாக நடப்பவர்களுக்காகப் போடப்பட்டது என்று யார் சொன்னது?

போட்டவர்கள் சொல்லவில்லை. வனத்துறையில் வேலை பார்த்தவரும் வட்டாரத் திட்டமிடுதலில் முன்னோடியுமான பென்டன் மெக்காய், 1921 அக்டோபரில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில் இந்தப் பாதையை முதன்முதலாக முன்வைத்தார். அவருடைய கவலை சாகசக்காரர்களைப் பற்றியதாக இல்லை. கிழக்குக் கடற்கரையின் தொழில் நகரங்களில் அடைந்துகிடக்கும் உழைப்பாளிகளுக்குக் கிடைக்கும் கொஞ்ச ஓய்வை என்ன செய்வது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் மலைமுகடு இருக்கிறது, அதன் மேல் ஒரு பாதையும் தங்குமிடங்களும் முகாம்களும் பண்ணைகளும் வேண்டும், அந்தந்தப் பகுதியை அந்தந்த ஊர்க்காரர்களே போட்டுக் காக்க வேண்டும் என்பது அவர் திட்டம். விடுமுறை கொஞ்சமாக உள்ள மனிதரை மையத்தில் வைத்துப் பிறந்த பாதை இது.

முழுப்பாதையையும் நடந்த முதல் மனிதர் என்று பதிவாகியிருக்கும் மைரன் ஏவரியையும் பாருங்கள். வாஷிங்டனில் வேலை பார்த்த கடல்சட்ட வழக்கறிஞர். மெக்காயின் கனவைத் தரையில் இறக்கியவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். அளவைச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, வேலையிலிருந்து விடுபட்ட நாட்களில் துண்டு துண்டாகவே நடந்து 1936-ல் முடித்தார். பாதை முழுவதும் இணைந்தது 1937 ஆகஸ்டில். ஒரே தொடராக நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் எர்ல் ஷாஃபர், போரிலிருந்து திரும்பிய பென்சில்வேனியாக்காரர், அது 1948. இடையில் 11 ஆண்டுகள் அந்தப் பாதை ஒருவரும் முழுத்தொடராக நடக்காமலே உயிரோடு இருந்தது. சனி ஞாயிறுகளில் வந்துபோனவர்கள் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். இன்றைக்கும் கன்சர்வன்சி, ஐந்தாறு மாதத்தில் முடித்தவருக்கும் முப்பது வருஷமாகத் துண்டு துண்டாக முடித்தவருக்கும் ஒரே அங்கீகாரத்தைத்தான் தருகிறது.

தொடர்ச்சியின் பலனை நான் மறுக்கவில்லை. ஐந்து மாதம் நடந்தவருக்குத் தெரியும் ஒன்று ஒரு நாள் நடந்தவருக்குத் தெரியாது. அதற்காக ஒரு நாளின் மதிப்பு பூஜ்யம் என்று ஆகிவிடாது. அந்த ஐந்து மாதத்தை யார் பெறுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் நிறுவனம் ஊழியருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பாவது தந்தாக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் வேலையை விட்டால் அதிகபட்சம் 60 நாளுக்குள் வேறு வழி தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கடைக்காரர், செவிலியர், லாரி ஓட்டுநர், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகன் ஆகியோருக்குக் கையில் இருப்பது சனிக்கிழமை. முழுப்பாதைதான் நடை என்று தீர்ப்புச் சொல்வது, காலமும் பணமும் உள்ளவர்களுக்கு மலையை எழுதிக் கொடுப்பதாகும்.

3. கல்லைக் குறை என்பவர்கள் மலையையே தவறாகப் பார்க்கிறார்கள்.

மலை ஒன்று, அதன் மேல் யாரோ கொட்டிய கல் வேறு ஒன்று என்பதுபோல அவர்கள் பேசுகிறார்கள். ப்ளூ மலையின் முகடு எதனால் ஆனது? 40 கோடி ஆண்டுகளுக்கும் முன் மணலும் கூழாங்கல்லுமாகப் படிந்து, இறுகி, பிறகு மடிந்து எழுந்த கடினப் பாறையால் ஆனது. மேற்கே டஸ்கரோரா என்றும் கிழக்கே ஷாவங்கங்க் என்றும் புவியியலார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முழுக்கக் குவார்ட்ஸ் என்றே சொல்லலாம், மழையும் வேரும் அமிலமும் அதை லேசில் கரைக்காது. இருபுறமும் இருந்த மென்மையான பாறைகள் கரைந்து பள்ளத்தாக்குகளாயின. இது கரையாமல் நின்றது, நின்றதால் முகடாயிற்று. அந்தக் கல் இளகிய கல்லாக இருந்திருந்தால் அங்கே ஏறுவதற்கு மலையே இருந்திருக்காது.

உடைந்து கிடப்பதற்கும் காரணம் உண்டு. கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கிலிருந்து இறங்கிய மாபெரும் பனித்தகடு டெலவேர் ஆற்றுப் பக்கம் வரை வந்து நின்றது. அதற்குத் தென்மேற்கே நீளும் முகடு அந்தப் பனிக்குள் புதையவில்லை, அதன் விளிம்பில் குளிர்ந்து கிடந்தது. பாறை வெடிப்புகளில் நீர் புகுந்து உறைந்து விரிந்தது, உருகியது, மறுபடி உறைந்தது. ஆயிரக்கணக்கான குளிர்காலங்கள் இப்படி உடைத்தன. பனித்தகடு ஏறிய இடங்களில் அது உடைந்ததைச் சுரண்டி இழுத்துப் போனது. இங்கே உடைந்த கல் உடைந்த இடத்திலேயே கிடந்தது, சரிவுகளில் மெல்ல ஊர்ந்து இறங்கியது. பல்பிட் ராக் என்ற பாறை முனையிலிருந்து கீழே பார்த்தால் காட்டுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கல்லாறு தெரியும். அதில் தண்ணீர் ஓடவில்லை, கல்தான் ஓடி நின்றிருக்கிறது. அடுத்த மலையான ஹாக் மவுன்டனின் அடிவாரத்திலும் அதேபோல் ஒன்று உண்டு.

இந்தக் கல்தான் ஏர் அந்த முகட்டில் ஏறாமல் தடுத்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் சோளமும் பால்மாட்டுப் பண்ணையுமாக உழப்பட்டபோது, மேலே வெட்டப்பட்ட காடு திரும்பத் திரும்ப முளைக்க இடம் கிடைத்தது. நெடும்பாதைக்கு அங்கே தொடர்ச்சியான வழி கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. கல்லில்லாத ப்ளூ மலையைக் கேட்பவர் ஒரு பண்ணைச் சாலையைக் கேட்கிறார்.

4. "பார்க்க ஒன்றும் இல்லை" என்பவர் எங்கே பார்த்தார்?

ஹாம்பர்க் ஊரின் பழைய நீர்த்தேக்கத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு, பல்பிட் ராக் ஏறி, அங்கிருந்து முகட்டோடு நடந்து பினக்கிள் என்ற 1,615 அடி உயர முனைக்குப் போய், காட்டுச் சாலை வழியாகச் சுற்றித் திரும்பினால் ஏறக்குறைய ஒன்பது மைல். பினக்கிளின் வெள்ளைப் பாறை விளிம்பில் நின்றால் காலடியில் சரிவு, அதற்கப்பால் பென்சில்வேனியா டச்சுக்காரர்களின் வயல்கள் கட்டம் கட்டமாக, நடுநடுவே களஞ்சியங்களும் தானியக் கோபுரங்களும். காற்று எதிரே வந்து முகத்தில் மோதும். செப்டம்பர் நடுவில் அங்கே நிற்பவர் பருந்துகளைப் பார்க்கிறார், சில நேரம் தம் கண் மட்டத்துக்கும் கீழே. சமவெளிக் காற்று முகட்டில் முட்டி மேலெழுகிறது, தெற்கே வலசை போகும் வல்லூறும் பருந்தும் அதில் ஏறிச் சிறகடிக்காமலே மைல் கணக்கில் மிதந்து போகின்றன.

பாதையை ஒட்டிய ஹாக் மவுன்டனில் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் இலையுதிர்காலம் முழுவதும் அந்தப் பறவைகளைச் சுட்டுக் குவித்தார்கள். ரோஸலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி 1934-ல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலராக வைத்து வேட்டையை நிறுத்தினார். இரைகொல்லிப் பறவைகளுக்கென்று உலகில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. அங்கே பிரவுன் வருஷா வருஷம் எண்ணிவந்த கழுகுகளில் இளம்பறவைகள் குறைந்துவந்ததை, ரேச்சல் கார்சன் 1962-ல் பூச்சிமருந்துக்கு எதிரான தம் நூலில் சான்றாக எடுத்துக்கொண்டார். இத்தனையும் நடந்தது அந்த "வெறும் கல்" முகட்டில்.

சரி, காட்சிமுனைகளை விட்டுவிடுவோம். நாள் முழுக்கத் தரையைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கிறது என்கிறார்களே, அந்தத் தரையில் என்ன இருக்கிறது? பட்டாணி அளவில் வெண்கூழாங்கற்கள் பதிந்த பாறை; அது பழங்காலத்து ஆற்றுப் படுகை. பாறையின் மேல் பச்சைச் சாம்பலாய் வட்ட வட்டமாகப் படர்ந்த பாசி, காய்ந்தால் காகிதம்போல் மொடமொடக்கும், நனைந்தால் வழுக்கும். வெள்ளைப் பட்டை அடிக்க மரமில்லாத இடத்தில், இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமுமான அந்தப் பட்டையைக் கல்லின் முகத்திலேயே அடித்திருப்பார்கள். பட்டை கண்ணில் படாத இடத்தில், முன்னால் போனவர்களின் ஊன்றுகோல் முனை கீறிய மெல்லிய வெண்கோடுகள் வழி சொல்லும். எந்தக் கல் அசையும், எந்தக் கல் தாங்கும் என்பதை நடப்பவர் ஒரு மணி நேரத்தில் கற்கத் தொடங்குகிறார். விளிம்புகள் மழுங்கி நிறம் மாறியிருந்தால் பலர் மிதித்த கல், நம்பலாம். அடியில் மண் தெரியாமல் இரு முனைகளில் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஆடும். நடுப்பகலில் பேச்சு குறைந்துவிடும். அலுவலகத்தைப் பற்றி ஒரு நினைப்பும் வராமல் மூன்று மணி நேரம் கழியும். வேகமாகப் போக முடியாத இடம் என்பதாலேயே இது நடக்கிறது. சீரான மண்பாதையில் கால் போகும், மனம் வாரத்தின் கணக்குகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நாள் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல தரை எது?

5. அவசரமாகக் கடந்து போங்கள் என்ற அறிவுரைக்கு லீஹை கணவாயில் என்ன அர்த்தம்?

லீஹை ஆறு ப்ளூ மலையை அறுத்துக்கொண்டு போகும் அந்த இடத்தில் பாதை ஏறத்தாழ ஆயிரம் அடி நெட்டுக்குத்தாக ஏறுகிறது. கையும் காலுமாகப் பாறையைப் பற்றித்தான் ஏற வேண்டும். மேலே போனால் ஒரு காலத்தில் மரமே இல்லை. நடப்பவர்கள் அதை நிலவின் தரை என்று சொல்லிவிட்டுக் கடந்தார்கள். அது இயற்கை தந்த மொட்டை இல்லை. கீழே பால்மர்டனில் 1898 முதல் 1980 வரை துத்தநாகம் உருக்கினார்கள். அந்தப் புகையும் துத்தநாகம், காட்மியம், ஈயம் கலந்த தூசும் மலைமேல் படிந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிகொடிகளைக் கொன்றன. வேர் போனதும் மழை மண்ணை அரித்தது, மண்ணுக்கடியில் இருந்த கல் வெளியே வந்தது. 1983-ல் அமெரிக்க அரசு அந்த இடத்தை நச்சுக்கழிவு அகற்றும் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தது. 2000-களில் அங்கே உள்ளூர் இயற்கை மையத்தார் சரிவுகளில் புல் விதைத்தார்கள். உலோகத்தை இலைக்கு ஏற்றாமல் வேரோடு நிறுத்திக்கொள்ளும் புல்வகைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அங்கே இடுப்பளவுப் புல் காற்றில் அசைகிறது.

ராக்சில்வேனியா என்று ஒரே சொல்லில் அத்தனை கல்லையும் கட்டிவைப்பவர், பனி உடைத்த கல்லையும் ஆலைப்புகை வெளிக்கொண்டுவந்த கல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று மலையின் வரலாறு, மற்றொன்று மனிதர் செய்த கேடு. இதைப் பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரம் இருபது மைல் கணக்கோடு வருபவரிடம் இல்லை, ஒரு நாளைக்கென்று வந்தவரிடம் இருக்கிறது.

6. கல்லை அகற்றிப் பாதையைச் சீராக்கினால் என்ன?

இதைக் கேட்பவர்கள் பாதை வேலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மலைப்பாதையின் முதல் எதிரி தண்ணீர். கல்லில்லாத சரிவில் ஆயிரம் கால்கள் மிதித்த மண் மழைக்கு ஓடையாகிவிடும்; அங்கே தொண்டர்கள் கல்லைத் தூக்கிவந்து படியாகவும் நீர் திருப்பும் தடுப்பாகவும் பதிக்கிறார்கள். இந்த முகட்டில் அறுபது மைலுக்கு மேல் பராமரிக்கும் ப்ளூ மவுன்டன் ஈகிள் கிளைம்பிங் கிளப் 1916-ல் தொடங்கியது, மெக்காயின் கட்டுரைக்கு ஐந்து ஆண்டு முந்தியது. விழுந்த மரத்தை அறுப்பது, பட்டையைப் புதுப்பிப்பது, முட்புதரை வெட்டுவது எல்லாம் அவர்களும் அவர்களைப் போன்ற மற்ற கிளப்காரர்களும் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர்கள் அவர்கள். ஒரு நாள் நடையில் என்ன இருக்கிறது என்று ஓர் ஊரே நம்பத் தொடங்கிவிட்டால், அடுத்த தலைமுறையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏற ஆள் எங்கிருந்து வரும்?

7. "ஒரு நாள் நடைதானே" என்ற சொல் ஆபத்தானது.

நான் இதையெல்லாம் எழுதுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு நாள் நடையை விளையாட்டு என்று மட்டம் தட்டினால், அதற்குப் போகிறவர்களும் விளையாட்டாகவே போவார்கள். கல் முகடு என்பது அப்படிப் போகக்கூடாத இடம். முழுப்பாதை நடப்பவரின் முதுகில் கூடாரமும் உறங்குபையும் சமையல் அடுப்பும் இரண்டு நாள் சாப்பாடும் இருக்கின்றன. இருட்டினால் அவர் இருக்கும் இடத்திலேயே தங்கிக்கொள்வார். ஒரு நாள் நடப்பவரிடம் இருப்பது ஒரு தண்ணீர் பாட்டிலும் கைப்பேசியும். கணுக்கால் பிசகினால் இருவரில் யார் பெரிய ஆபத்தில் இருக்கிறார்?

நேரக் கணக்கும் இங்கே ஏமாற்றும். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு சூத்திரம் தந்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. இன்றும் மலைக்குப் போகிறவர்கள் பலர் இதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். தூரமும் ஏற்றமும் அதில் உண்டு, காலடியில் என்ன கிடக்கிறது என்பது இல்லை. பினக்கிள் சுற்றுக்கு அதன்படி மூன்றரை மணி நேரம் வரும், ஏனென்றால் ஏற்றம் ஆயிரம் அடிக்குச் சற்று மேல்தான், முகடு ஏறக்குறைய மட்டம். நடந்து பார்த்தால் சாதாரணக் கால்களுக்கு ஐந்து, ஆறு மணி. மதியம் ஒரு மணிக்கு மேல் சாவகாசமாக ஏறும் குடும்பங்களை அக்டோபர் கடைசியில் அங்கே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் காலில் ஓட்டப்பயிற்சிக் காலணி, கையில் சிப்ஸ் பாக்கெட், ஒருவரிடமும் விளக்கு இல்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். உதிர்ந்த இலை கற்களின் இடைவெளிகளை மூடியிருக்கும். கால் எங்கே இறங்கும் என்பது பகலிலேயே தெரியாது.

"அங்கே ஒன்றும் இல்லை, வேண்டாம்" என்று சொல்லிவிடுவதால் யாரும் போகாமல் இருக்கப் போவதில்லை. அட்டவணை இல்லாமல், தண்ணீர் இல்லாமல் போவார்கள். அவர்களுக்குத் தேவை தடையைவிடப் பயனுள்ள பேச்சு. காலை ஏழரைக்கெல்லாம் நடக்கத் தொடங்குங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், முகட்டு ஊற்றை நம்ப வேண்டாம். அடிப்பாகம் கெட்டியான காலணி, இரண்டு ஊன்றுகோல், ஆளுக்கொரு நெற்றி விளக்கு. வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு நிற மேல்சட்டை, ஏனென்றால் பாதை மாநில வேட்டை நிலங்களின் ஊடாகவும் போகிறது. கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள், வெயில் நாளில் கிலுகிலுப்பைப் பாம்பு அங்கேதான் படுத்திருக்கும். லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். புறப்பட்டு இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களோ அதை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள், செயலி சொல்லும் நேரத்தை வைத்து வேண்டாம். பாறை நனைந்திருந்தால் லீஹை கணவாய் ஏற்றத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.